லேப்டாப் என்றார் அவர், நோட்புக் என்றேன் நான்

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னால நல்லா பாத்துக்கங்க மேடம்” என்றார் முருகேசன்.

மைசூரில், தேவராஜ மொஹல்லா என்கிற பேட்டையில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. சாயங்கால நேரம். கீழே மார்க்கெட்டில் பூக்காரர்கள் ஈரச் சாக்கை உதறுகிற வாசனை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கடையில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பெட்டிகளை வாங்கி, கார்டு எழுதி, திருப்பிக் கொடுக்கிற வேலை என்னுடையது. பழுது பார்க்கிற வேலை முருகேசனுடையது. அன்றைக்கு மட்டும் நான் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து நின்றேன். பழுது பார்க்கக் கொடுத்திருந்தது என்னுடைய சொந்தப் பெட்டி.

“இன்னிக்கு நான் கஸ்டமர். மரியாதையா பேசணும்” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கவுண்டர் மேல் வைத்தார். அதன் மேல் கார்டை வைத்தார். நான் மூடியைத் திறந்தேன், பட்டனை அமுக்கினேன், ஃபேன் சத்தம் காது கொடுத்துக் கேட்டேன், சார்ஜரைச் செருகி விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். எல்லாம் கச்சிதம். கார்டில் ‘நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன், வேறு புகார் இல்லை’ என்கிற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

முருகேசன் அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “சரிங்க மேடம்” என்றார். கார்டை ‘முடிந்தது’ டப்பாவில் போட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். எங்கள் கடையில் அது அவருக்குக் கடைசி நாள்.

வாழ்க்கையில் எத்தனையோ கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பாங்கில், வாடகைப் பத்திரத்தில், அம்மாவின் ஆஸ்பத்திரிக் காகிதத்தில். திருப்பி வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இந்த ஒன்றைத்தான் வாங்குவேன். அந்தக் கார்டின் பின்பக்கத்தில் எனக்கு ஒரு கேள்வி இருந்தது. அது போன மாதம்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு பெட்டிக்கு இரண்டு பேர்

கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்தத் தொடரை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் வழக்கம் தெரியும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது முப்பதைத் தாண்டிவிட்டேன். என் ஜாதகக் கட்டு அலமாரியின் மேல்தட்டுக்குப் போய், அதன்மேல் அம்மா பழைய போர்வைகளை அடுக்கிவிட்ட காலம். அப்பா இல்லை. மேலுகோட்டையிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் மைசூருக்கு வந்த குடும்பம். வீட்டில் மிச்சமிருந்தது அம்மாவும் நானும்.

அப்போதெல்லாம் கடைக்கு வந்தவை தடித்தடியான மேசைக் கம்ப்யூட்டர்கள். மண்டி மொஹல்லாவிலிருந்து ஆட்டோவில் மானிட்டரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார்கள். பிறகு ஒவ்வொன்றாக மடக்குகிற பெட்டிகள் வர ஆரம்பித்தன. ஜனங்கள் எல்லாரும் “லேப்டாப் ரிப்பேரி மாடுத்தீரா?”, ரிப்பேர் பண்ணுவீர்களா என்றுதான் கன்னடத்தில் கேட்டார்கள். ஆனால் பெட்டியோடு வருகிற அட்டையில் நோட்புக் என்று அச்சடித்திருந்தது.

எனக்கு ஒரு கெட்ட குணம். எதையும் முழுசாகப் படிப்பேன். சோப்பு உறையைக்கூட விட மாட்டேன். பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தைப் படித்தேன். நெடுநேரம் மடியில் வைத்திருக்காதீர்கள், சூட்டில் தோல் புண்ணாகலாம் என்று அதில் எழுதியிருந்தது. மடியில் வைக்காதே என்று உள்ளே எழுதிவிட்டு, வெளியே மடிப்பெட்டி என்று எப்படிப் பேர் வைப்பான்? அதனால்தான் கம்பெனிக்காரன் சத்தமில்லாமல் நோட்புக்குக்கு மாறிவிட்டான் என்பது என் கட்சி. இளைத்து, தட்டையாகி, நோட்டு அளவுக்கு வந்ததால் வந்த பேர் என்று ஒரு சேல்ஸ்மேன் சொன்னார். எதுவாக இருந்தால் என்ன, அட்டையில் போட்டிருப்பதுதான் சரியான பேர். நான் கார்டில் நோட்புக் என்றே எழுதினேன்.

முருகேசனுக்குப் பொறுக்கவில்லை. தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர். குடும்பத்தில் எல்லாரும் விவசாயம். இவர் ஒருவர்தான் ஸ்க்ரூடிரைவரைப் பிடித்தவர். கோயம்புத்தூர்க்காரர்கள் மாதிரி இழுத்துப் பேசுவார்.

“பேரு கம்பெனிக்காரன் வெச்சா ஆச்சுங்களா மேடம்? ஊருல எப்படிக் கூப்பிடறாங்களோ அதுதானுங்க பேரு. எங்க பெரியப்பனுக்கு ரேசன் கார்டுல ஒரு பேரு, ஊருல ஒரு பேரு. ரேசன் கார்டுப் பேரச் சொல்லிக் கூப்பிட்டா அவரே திரும்பிப் பாக்க மாட்டாருங்க.”

“மடி சுட்டா யார் பொறுப்பு? உங்க பெரியப்பனா?”

“மடி சுட்டா அவங்களே எடுத்துக் கீழ வெச்சுக்குவாங்க. குழந்தைங்களா என்ன?”

இப்படியே தினமும். முதலாளி புட்டராஜு தலையில் கை வைத்துக்கொள்வார். “தினா இதே ஜகளானா?” என்று கேட்பார். தினமும் இதே சண்டையா என்று அர்த்தம். கடைசியில் அவரே ஒரு வழி பண்ணினார். புதுக் கார்டு அடித்தபோது ‘லேப்டாப்’, ‘நோட்புக்’ என்று இரண்டையும் போட்டு, பக்கத்தில் ஆளுக்கொரு கட்டம் வைத்துவிட்டார். எது வேண்டுமோ டிக் அடித்துத் தொலையுங்கள் என்றார்.

அந்த இரண்டு கட்டத்தை என்ன செய்வது என்று கண்டுபிடித்தவர் முருகேசன்தான். மடியிலோ மெத்தையிலோ வைத்து உபயோகிக்கிற பெட்டி என்றால் லேப்டாப். மேசைமேல் ஒழுங்காக வைத்துக்கொள்கிறவர்களுடையது நோட்புக். ஒரே பெட்டிதான், ஆனால் வீட்டைப் பொறுத்துப் பேர் மாறும். இதில் விஷயமும் இருந்தது. மடியில் இருக்கிற பெட்டிக்கு அடியில் காற்று போகாது, ஃபேன் அடைத்துக்கொள்ளும். மேசைமேல் எந்நேரமும் சார்ஜரோடு கிடக்கிற பெட்டிக்கு பாட்டரி உப்பும். பேரைப் பார்த்தாலே எங்கே திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும். இப்படி எங்கள் சண்டை ஒரு தொழில்முறை ஆகிவிட்டது.

“எங்கே வெச்சு யூஸ் பண்றீங்க?” என்று எல்லாரையும் கேட்பேன். எல்லாரும் மேசைமேல் என்று பொய் சொல்வார்கள்.

ஃபேனுக்குள் இருக்கிற வீடு

பொய் உள்ளே போனதும் தெரிந்துவிடும். முருகேசன் பெட்டியைத் திறந்து, பின்பக்கத்து பால்கனியில் வைத்து ப்ளோயரால் ஊதுவார். ஊதுவதற்கு முன் ஃபேனில் சிக்கியிருப்பதை ஒரு வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பார்ப்பார். அங்கிருந்தே குரல் கொடுப்பார்.

“மேடம், இது ஊதுபத்தி உருட்டற வீடுங்க. கரி மாவு.”

“ஆமா. மூணு பேர் உருட்டறாளாம்.”

“இது பூனை வளக்கறவங்க. வெள்ளைப் பூனை.”

“இது அடுப்பு மேடையில இருந்திருக்குதுங்க. சப்பாத்தி மாவு.”

“அவர் மேசைன்னு சொன்னாரே!”

“மேசைதானுங்க. சப்பாத்தி மேசை.”

நான் கார்டின் முன்பக்கத்தில் எழுதுவேன்: பேர், விலாசம், புகார், லேப்டாப்பா நோட்புக்கா. அவர் பின்பக்கத்தில் எழுதுவார்: உள்ளே என்ன கண்டார், என்ன செய்தார். பின்பக்கம் முழுக்கத் தமிழில்தான் எழுதுவார். எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடிப்பொடியான எழுத்து. முதலாளிக்கும் முக்கால்வாசி கஸ்டமருக்கும் தமிழ் படிக்கத் தெரியாது என்கிற தைரியம். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் நான் அவற்றைப் படித்துச் சிரிப்பேன். ‘ஃபேனில் பவுடர். மாப்பிள்ளை ரெடி.’ ‘புருஷன் வீட்டில் இல்லாதபோது மாமியார் சீரியல் பார்க்கிறார், கீபோர்டில் மூக்குப்பொடி.’

அந்தச் சிரிப்புக்காகத்தான் நான் வேலைக்குப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்டிருந்தால் சம்பளத்துக்கு என்று சொல்லியிருப்பேன். காந்தத் தட்டில் ஸ்க்ரூ விழுகிற கிளிங் கிளிங் சத்தம். பால்கனியிலிருந்து வருகிற அந்த “மேடம்”. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்றால் எனக்கு அன்று முழுக்க எதிலும் மனசு ஒட்டாது. அம்மா சமையலில் குற்றம் கண்டுபிடிப்பேன்.

டீச்சரம்மா செய்த வேலை

ஒரு நாள் ஒரு டீச்சரம்மா வந்தார். கன்னடத்தில்தான் பேசினார். கையெழுத்துப் போடும்போது சும்மா கார்டைத் திருப்பினார். திருப்பியவர் படிக்க ஆரம்பித்தார். தமிழ்க்காரர்!

“கரப்பான் குடும்பம், தாத்தா பேரன் உட்பட ஆறு உருப்படி” என்று சத்தமாகப் படித்தார். “யார் எழுதினது இது? எங்காத்துல கரப்பான் இருக்குன்னு ஊருக்கெல்லாம் எழுதி வெக்கறேளா?”

கடையை இரண்டாக்கிவிட்டுப் போனார். புட்டராஜு ஒரு வாரம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. அடுத்த நாள் காலையில் முருகேசன் வந்து கவுண்டரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“ஒரு ரூலுங்க மேடம். இன்னிக்கிருந்து கஸ்டமர் யாரா இருந்தாலும் கார்டைத் திருப்பக் கூடாது. முன்பக்கம் மட்டும் காட்டுங்க. பின்பக்கம் கஸ்டமர் கண்ணுல பட்டா நான் ஊருக்கே போயிடுவேன்.”

அந்த ரூலை நான் ரத்தத்தில் ஏற்றிக்கொண்டேன். கார்டு மேல் என் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டுதான் பேனாவே கொடுப்பேன்.

என் பெட்டி

அம்மா ரொம்ப யோசித்துச் சம்மதித்து, நானும் ஒரு பெட்டி வாங்கினேன். எதற்கு என்று கேட்காதீர்கள். எழுத வேண்டும் என்று ஆசை; என்ன எழுதுவது என்று தெரியாது.

கடையில் கஸ்டமருக்கெல்லாம் மேசை, மேசை என்று உபதேசம் பண்ணுகிற நான் வீட்டில் என்ன செய்தேன்? வேலையிலிருந்து வந்து முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, அம்மாவின் கட்டில் ஓரத்தில் சம்மணம் போட்டு, மடியில்தான் வைத்துக்கொண்டேன். அந்தச் சூடு எனக்குப் பிடித்திருந்தது. மைசூர்க் குளிருக்கு இதமாக இருந்தது என்று சொல்லலாம். குளிர் மட்டும் காரணமில்லை. முப்பத்தைந்து வயதில் மடியில் ஒரு கனமும் கதகதப்பும் இருப்பது எனக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்லிவிட்டேன்.

“ஏண்டி, அதை மடியில வெச்சுண்டு என்ன பண்றே? பொசுங்கிப் போயிடப் போறே” என்பாள் அம்மா.

ஒரு நாள் பெட்டி கொதித்துப்போய்த் தானாக அணைந்தது. கடைக்கு எடுத்துப் போனேன். எனக்கு நானே கார்டு எழுதினேன். ‘நோட்புக்’ கட்டத்தில் டிக் அடித்தேன். எல்லாக் கஸ்டமரையும்போல நானும் பொய் சொன்னேன்.

அந்த வாரம்தான் முருகேசன் நஞ்சன்கூட்டில் சொந்தமாகக் கடை போடப்போவதாகச் செய்தி வந்தது. ஃபேக்டரிகள் நிறைய, அங்கே நல்ல ஆள் இல்லை என்றார் புட்டராஜு. நான் “நல்லது” என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் சாதி வேறு, நாங்கள் வேறு. அதற்கும் மேலாக, அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நான், பால்கனியில் அவர். நடுவில் கார்டுகள் மட்டும்தான் போய் வந்துகொண்டிருந்தன.

பிறகு நடந்ததுதான் நான் முதலில் சொன்னது. கவுண்டரைச் சுற்றி வந்தேன். இன்னிக்கு நான் கஸ்டமர் என்றேன். கஸ்டமர் கார்டைத் திருப்பக் கூடாது. திருப்பவில்லை.

அவர் போனபிறகாவது பார்த்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ‘முடிந்தது’ டப்பாவில் போன கார்டை, அந்தப் பெட்டி மறுபடி பழுதாகி வந்தால்தான் வெளியே எடுப்போம். என் பெட்டி பழுதாகவே இல்லை. எட்டு வருஷம் ஓடியது. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார், மகானுபாவன்! கொஞ்சம் அரைகுறையாகச் செய்திருக்கக் கூடாதா?

குஜரிக்குப் போகவிருந்த மூட்டை

புட்டராஜு காலமாகி, கடை அவர் பையன் கைக்கு வந்து, அவனும் இந்த வருஷம் மூடிவிட்டான். போன மாதம் போன் பண்ணினான். “ஆன்ட்டி, பழைய கார்டெல்லாம் குஜரிக்காரனுக்குப் போடப்போறேன். உங்களுக்கு ஏதாவது பேக்கா?” என்றான், ஏதாவது வேண்டுமா என்று. பழைய பேப்பர் வாங்குகிறவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான். வேண்டும் என்று ஓடினேன்.

மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கொட்டினேன். அம்மாவும் போய்விட்டாள், தரை முழுக்க என் இஷ்டம். ஒவ்வொரு கார்டாகத் திருப்பித் திருப்பிப் படித்துத் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். வெள்ளைப் பூனை. மூக்குப்பொடி. கரப்பான் குடும்பம் அப்படியே இருந்தது, தாத்தா பேரன் உட்பட.

பிறகு என் பேர் போட்ட கார்டு வந்தது. திருப்பினேன்.

‘முன்பக்கம் தப்பு. இது நோட்புக் இல்லை, லேப்டாப். ஃபேனில் புடவை நூல். காய்ந்த மல்லிகைக் காம்பு இரண்டு. நூலை எறிந்துவிட்டேன். காம்பு என்னிடம் இருக்கிறது. நஞ்சன்கூட்டில் கடைக்குக் கவுண்டரில் ஆள் வேண்டும். கடைக்கு மட்டும் இல்லை. உங்களுக்குச் சம்மதம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.’

கையெழுத்து இல்லாத கார்டு எங்கள் கடையில் முடியாத வேலை. அது ஷெல்ஃபிலேயே இருக்கும், ஆள் வரும்வரை காத்திருக்கும். அதைத்தான் கேட்டிருக்கிறார். நான் வேறு புகார் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறேன்.

முதலில் வந்தது கோபம்தான். ஏன் ஐயா, வாய் என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன மேடம் மேடம் என்று கூப்பிட மட்டுமா? கோபம் போனபிறகு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து கருகின வாசனை வந்தபிறகுதான் எழுந்தேன்.

இத்தனை வருஷமும் நஞ்சன்கூடு எங்கே ஓடிப்போயிற்று? ரயில் ஏறினால் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. கூப்பிடாத இடத்துக்கு எப்படிப் போவது என்று நான் போகவில்லை. வேண்டாம் என்று சொன்னவளை எப்படிப் போய்ப் பார்ப்பது என்று அவர் வரவில்லை. அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டதும், ஒரு பெண் இருப்பதும் காதில் விழுந்ததுதான். அதைக் கலைக்க எனக்கு எண்ணமில்லை, சத்தியமாக இல்லை. ஆனால் படித்துப் பார்த்துவிட்டு, ஃபேன் சத்தம் கேட்டு, சார்ஜர் விளக்குப் பார்த்து, நிதானமாக மறுத்தவள் என்று ஒரு மனுஷர் என்னை நினைத்துக்கொண்டிருக்கிறாரே! அது மட்டும் எனக்குத் தாங்கவில்லை. நான் பார்க்கவில்லை என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

(பேர்களை மாற்றியிருக்கிறேன். இந்தப் பத்திரிகை நஞ்சன்கூட்டில் கிடைக்காது என்றும் விசாரித்துவிட்டேன்.)

மடியிலயா, மேசையிலயா

இப்போதிருக்கிற பெட்டியை எடுத்துக்கொண்டேன். அதற்கும் சூடு ஏறுகிற வியாதி உண்டு, அந்த அளவுக்குப் பொய் இல்லை. பழைய கார்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு காலை ரயிலில் போனேன்.

தேர் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் கடை. கவுண்டரில் சிரித்த முகமாக ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதிருக்கும். யார் என்று எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டார், கார்டை எடுத்தார், பேனாவைத் திறந்தார்.

“எங்க வெச்சு யூஸ் பண்றீங்க மேடம்? மடியிலயா, மேசையிலயா?”

என் கேள்வி. என் நாற்காலி. “மடியில” என்றேன்.

“நெஜம் சொல்லிட்டீங்க! எல்லாரும் மேசைன்னுதான் சொல்லுவாங்க” என்று சிரித்து, லேப்டாப் கட்டத்தில் டிக் அடித்தார். “பேரு?”

“கோதை. மைசூரு.”

பேனா நின்றது. “தேவராஜ மொஹல்லா கடை மேடமா? ஐயோ, இவரு சொல்லாத நாளில்லீங்க. இந்தக் கார்டு, டிக்கு, எல்லாமே அங்க நீங்க ரெண்டு பேரும் பண்ணதாமே?” உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். “ஏனுங்க, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க! மேடம், நீங்க இருங்க, எதிர்க் கடையில நல்ல காபி. நானே வாங்கிட்டு வர்றேன்.”

நல்ல பெண். கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு சௌகரியமாக இருந்திருக்கும்.

முருகேசன் உள்ளிருந்து வந்தார். தலை நரைத்து, நெற்றியில் பூதக்கண்ணாடிப் பட்டை. “மேடம்” என்றார். அந்த ஒரு சொல் மாறவேயில்லை.

நேரம் குறைவு. எதிர்க்கடை பக்கத்தில்தான் இருந்தது. பையிலிருந்து பழைய கார்டை எடுத்து, பின்பக்கம் மேலே தெரியும்படி கவுண்டரில் வைத்தேன்.

அவர் குனிந்து பார்த்தார். தன் எழுத்தைத் தானே படித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“இதை இன்னும் வெச்சிருக்கீங்களா?”

“வெச்சுக்கலை. போன மாசம்தான் கெடைச்சது. அன்னிக்கு நான் திருப்பவே இல்லை, முருகேசன்.”

“திருப்பலீங்களா?” நிமிர்ந்து பார்த்தார். “நல்லா பாத்துக்கங்கன்னு சொன்னேனுங்களே.”

“சார்ஜர் லைட்டைப் பாத்தேன்.”

“பின்பக்கம்...”

“கஸ்டமர் கார்டைத் திருப்பக் கூடாதுன்னு ரூல் இருந்ததே. அன்னிக்கு நான் கஸ்டமராச்சே.”

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியைக் கழற்றிக் கவுண்டரில் வைத்தார். எதிர்க்கடைப் பக்கம் ஒரு தடவை பார்த்தார்.

“அந்த ரூலு போட்டதே நான்தானுங்களே” என்றார்.

நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டேன். “பாத்திருந்தா பேனாவைக் கையில தொட்டிருக்க மாட்டேன்.”

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். கார்டைத் தொட்டு, முன்பக்கம் மேலே வரும்படி திருப்பி, என் பக்கம் மெதுவாகத் தள்ளினார். அந்த அம்மாள் மூன்று டம்ளர் காபியோடு வந்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் காபி குடித்தோம். அவர்கள் பெண் மைசூரில் படிப்பதைப் பற்றிப் பேசினோம். நல்ல காபிதான்.

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. பெட்டியும் கார்டும் கவுண்டருக்கு வந்தன.

“கையெழுத்துப் போடுங்க மேடம்” என்றார் முருகேசன்.

நான் கார்டைத் திருப்பினேன்.

“ஐயோ, பின்பக்கம் கஸ்டமர் பாக்கக் கூடாதுங்க!” என்று அந்த அம்மாள் கையை நீட்டினார்.

“பாக்கட்டும் விடு” என்றார் முருகேசன்.

அதே எறும்பு எழுத்து. ‘லேப்டாப். ஃபேனில் தூசி மட்டும். மேடம் இப்போது பூ வைப்பதில்லை.’

இரண்டு தடவை படித்தேன். பிறகு முன்பக்கம் திருப்பி, ‘வேறு புகார் இல்லை’ என்கிற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் ஒரு பூக்காரி உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழம் மல்லிகை வாங்கி, அங்கேயே நின்று தலையில் வைத்துக்கொண்டேன். இந்த வயதில் என்ன இது என்று யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து தினமும் வாங்குகிறேன். இப்போதும் தலையில் பூ இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கிற பெட்டி மடியில்தான் இருக்கிறது.